பாதாம் மாவு டப்பாவில் யார் கை?

“இருநூத்திப் பன்னெண்டு!”

தோற்றுப்போன மாணவனின் மார்க்கை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பதுபோல், சர்க்கரை பார்க்கும் கருவியைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள் நாத்தனார். அவள் பள்ளியில் அறிவியல் டீச்சர். குடியிருப்பது மாடியில். ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்குக் கீழே வந்தால், யாரையாவது கடிக்காமல் படியேற மாட்டாள்.

அடுப்படியில் நின்ற மருமகளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டா! போன மாதம் நூற்றிருபதுக்கு இறங்கியிருந்ததே...

“இன்னும் ஆறு வாரத்துல டெப்போவுல மெடிக்கல் செக்கப்பு. இப்படியே போனா தம்பிய வண்டிய விட்டு இறக்கி, ஷெட்டுல டோக்கன் எழுத வெச்சிருவாங்க. பேக்கரிக்காரி வைத்தியம் பாத்தா இப்படித்தான்!”

“அக்கா, விடேன்...” என்றான் தம்பி. பத்தொன்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்க்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

“என் புள்ள பாதியா போயிட்டான்!” மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “சட்டை ஹேங்கர்ல தொங்குற மாதிரி தொங்குது. சோறு இல்ல, ரொட்டி இல்ல... அவங்கப்பாவும் இப்படித்தான் இளைச்சு இளைச்சு, ஆறே மாசத்துல...”

பதினோரு வருடம் பேக்கரியில் மாவு பிசைந்தவள் மருமகள். மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் முதலாளியே அவளைக் கேட்டுத்தான் நிற்பார். “சாப்பாட்டுல மாவுச்சத்தக் குறைங்க, இல்லைன்னா கஷ்டம்” என்று டாக்டர் சொன்ன மறுநாளே அந்த வேலையை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. விட்டபின் யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

சோற்றைக்கூட விட்டுவிட்டான் கணவன். விட முடியாதது பீட்சா ஒன்றைத்தான். ஷிப்ட் முடிந்தால் டெப்போ எதிரே நாலு டிரைவர்கள் சேர்ந்து ஒரு பெரிய பீட்சாவைக் காலி செய்வது பல வருடப் பழக்கம். “அவர் பீட்சாவ விட வேணாம், பீட்சா மைதாவ விட்டா போதும்” என்று இறங்கினாள் அவள். பாதாம் மாவில் முதல் பீட்சா அப்பளமாக நொறுங்கியது. இரண்டாவது, தட்டை விட்டு வர மறுத்தது. கத்தரிக்காயை வட்டமாக வெட்டி மேலே சீஸ் போட்டாள். குடைமிளகாயைக் குடைந்து பீட்சா மசாலாவை அடைத்தாள். காலிஃபிளவரைத் துருவிப் பிழிந்து தட்டினாள். ஒருநாள் அவன் விரலைச் சூப்பிக்கொண்டே, “இன்னொரு துண்டு இருக்கா?” என்று கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சர்க்கரையும் இறங்கியது.

அப்புறம் எப்படி ஏறியது?

“வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?” மெதுவாகக் கேட்டாள்.

“நீ கட்டிக் குடுத்தத தவிர ஒரு பிஸ்கட்டு தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்டி!”

“கேட்டியா?” என்றாள் நாத்தனார். “அப்ப தப்பு யார் கையில?”

மருமகள் மதியச் சமையலுக்குத் திரும்பினாள். மொசரெல்லா சீஸை உருக்கி, முட்டை உடைத்து ஊற்றி, டப்பாவிலிருந்து பாதாம் மாவை அள்ளிப் போட்டுச் சூட்டோடு பிசைந்தாள். மாவு வழவழவென்று திரண்டு வந்தது. இரண்டு வாரமாகவே இப்படித்தான். கை பழகிவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட. ஆறியதும் பட்டர் பேப்பரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

விழுந்த குழி மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

பாதாம் மாவுக்கு அந்த ரோஷம் ஏது? அழுத்தினால் அழுந்தினபடியே கிடக்கும். அழுத்த அழுத்த எழுந்து வருவது மைதா. பதினோரு வருடம் பழகிய விரலுக்கு இது தெரியாதா! அடக் கடவுளே... இரண்டு வாரமாகத் தன் சாமர்த்தியம் என்று நினைத்து, தெரிந்த கையையே நம்பாமல் போனோமே!

“அண்ணி!” அவள் குரல் கணீரென்று கூடத்துக்கு வந்தது. அந்த வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. “மாவுச்சத்து மேல அயோடின் பட்டா கறுத்துப் போகும்னு ஸ்கூல்ல புள்ளைங்களுக்குச் சொல்லித் தருவீங்கல்ல? கொஞ்சம் இங்க செஞ்சு காட்டுங்க.”

“எனக்கே பாடமா?” என்று சிலிர்த்தாலும், முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் பாட்டிலை எடுத்துவந்தாள் டீச்சர். இரண்டு தட்டு வைத்தார்கள். ஒன்றில் புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிய பாதாம் மாவு. மற்றதில் டப்பாவில் இருந்தது. சொட்டு விழுந்தது. புது மாவு பழுப்பாகவே இருந்தது. டப்பா மாவு கருநீலமாகி, மை கொட்டினாற்போல் ஆனது!

“மைதா!” நாத்தனாரின் வாய் பிளந்தது.

கணவன் நாற்காலி சரிய எழுந்தான். “யாரு? என் வண்டியப் புடுங்கப் பாத்தது யாரு?”

மருமகள் நிமிர்ந்தாள். சுவரோரம் மாமியார் நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நொடிதான். எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் மேல் விழுந்த பழி நீங்கிவிடும். ஆனால் அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவன் அவன்...

“நான்தாங்க,” என்றாள். “மைதா டப்பாவும் பாதாம் டப்பாவும் ஒரே மாதிரி இருக்கா... அவசரத்துல மாத்திக் கொட்டிட்டேன் போல.”

“போலவா? நீ கவனமில்லாம கொட்டுனதுக்கு என் தம்பி பொழப்பு போகணுமா?” நாத்தனார் சீறினாள். “பெட்டியக் கட்டு! கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல போய் இரு. இவன நாங்க பாத்துக்குறோம்!”

கணவன் தடுக்கவில்லை. “உன்ன நம்பித்தானே இருந்தேன்...” என்று உடைந்த குரலில் சொன்னான். அவள் தலைகுனிந்து உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

“நில்லுடி!”

மாமியாரின் அலறலில் வீடே அதிர்ந்தது.

“பொய் சொல்றா! பொய் சொல்றாடா உன் பொண்டாட்டி! கலந்தது நான்... தெனம் ரெண்டு கை மைதா. அவ துணி காயப்போட மாடிக்குப் போற நேரம் பாத்து நான்தான் கொட்டுனேன். நீ இளைக்க இளைக்க எனக்கு உங்கப்பா முகம்தான் தெரிஞ்சுது. ஒடம்புல கொஞ்சம் சதை ஒட்டட்டும்னு... வெசத்த வெச்சிட்டேனே சாமி!”

தலையில் அடித்துக்கொண்ட அந்தக் கைகளை ஓடிவந்து பிடித்தவள் மருமகள்தான். “அத்தை, வேணாம்... நீங்க வெவரம் தெரியாம செஞ்சது.”

“தெரிஞ்சும் என்னக் காட்டிக் குடுக்கல பாரு நீ... நானும் வாய்க்கு வாய் பேக்கரிக்காரின்னு பேசினேனே!” அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள் மாமியார். மருமகளின் கண்ணிலும் அப்போதுதான் உடைப்பெடுத்தது.

கணவன் கிட்டே வந்து, “தப்பு பண்ணிட்டேன்” என்றான் தழுதழுத்து.

“ரெண்டு வாரம் வீணாப் போச்சு. இன்னும் ஆறு வாரம் இருக்கு,” என்று கண்ணைத் துடைத்தாள் அவள். “அழுது முடிச்சாச்சுன்னா அடுப்படிக்கு வாங்க அத்தை. காலிஃபிளவர் பிழியணும், கை வலிக்கும்.”

ஆறு வாரமும் இரண்டு பேர் கையும் ஒன்றாக உழைத்தன. நாத்தனார் தினம் காலையில் அளவு பார்த்து எழுதினாள். குத்தல் பேச்சு மட்டும் எங்கோ தொலைந்துபோயிருந்தது. ஒருநாள் வெறும் தட்டை நீட்டி, “எனக்கும் ஒரு துண்டு... டெஸ்ட் பண்றதுக்குத்தான்” என்றாள். அவளுக்கு அதுதான் மன்னிப்பு.

பரிசோதனை முடிந்த மறுவாரம், விடியற்காலை. முடிவு தபாலில் வரவில்லை, பஸ்ஸிலேயே வந்தது! தெருமுனையில் திரும்பிய முதல் வண்டியின் ஸ்டீயரிங்கில் இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையில் அவன். மூன்று பெண்களும் வாசலுக்கு ஓடினார்கள். வீட்டெதிரே வேகம் குறைந்தது. தெருவே விழித்துக்கொள்ளும்படி நீளமாக ஒரு ஹாரன்!

மருமகள் கை நீட்டி மாமியாரைக் காட்டினாள். “உங்களுக்குத்தான் அத்தை.”

“அடி போடி!” அந்தக் கையைப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தினாள் மாமியார். ஜன்னலோரப் பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

“இவதான்யா என் மருமக! நல்லாப் பாத்துக்கோங்க!”