பதில் வந்தால் திரும்பிவிட வேண்டும்

முஹன்னா மாமா பேசியதைப் போனில் திரும்பக் கேட்டபோது, காபிக் கிண்ணம் வைக்கும் சத்தத்துக்கு அப்புறம் ஒரு பெண் குரல் "இருக்கேன்" என்றது. பதிந்த நேரத்தில் அறையில் ஸுவைனாவும் மாமாவும் மட்டும்தான் இருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து எவளோ விளையாடியிருக்கிறாள் என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

வீட்டுப் பெரியவர்களின் ஊர் நினைவுகளைப் பதிந்து வர வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷக் கூத்து இது. மற்ற பெண்களுக்குக் கப்பலோட்டியவர்கள் கிடைத்தார்கள். இவளுக்கு வாய்த்தது இந்தக் கிழம்.

"வாய்க்கால் மேல பொம்பளைங்க குளிக்கிற அறை இருக்குல்ல, அங்க வெளியே நின்னு ஒரு தடவதான் கூப்பிடணும்" என்றிருந்தார் மாமா. "'உள்ள யாராச்சும் இருக்கீங்களா?' பொண்ணு குரல் வந்தா ஆம்பள திரும்பிடணும். முன்ன ரயான்னு ஒருத்தி குளிக்கப் போயி வீடு திரும்பல. அவளத் தேடி அவ புருஷன் போனான். 'இருக்கேன்'னு பதில் வந்துச்சு. திரும்பிட்டான். சாயங்காலமும் போனான். 'இருக்கேன்.' பொறவு பொம்பளைங்க விளக்கோட போய்ப் பார்த்தா, ஈரத்துணி மட்டும்தான் கிடந்துச்சு."

"கதவத் திறந்து பார்க்கத் துப்பில்ல. அவனெல்லாம் ஒரு ஆம்பள!"

"அது மரியாதைம்மா."

"மண்ணாங்கட்டி மரியாதை."

வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அந்த அறைக்கு யாரும் போவதில்லை. அதையும் பதிந்துகொண்டு போனால் வகுப்பே சிரிக்கும் என்று, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கிளம்பினாள். ஈச்சந்தோப்பில் வெயில் இருந்தது. கதவுக்கு வெளியே நின்று, போனில் பதிவை ஓடவிட்டு, கேலியாகக் குழைந்தாள்.

"ரயா அக்கா, உள்ள இருக்கீங்களா?"

பதில் இல்லை. பயந்தாங்கொள்ளி ஊர் என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள்.

உள்ளே பாசியும் அழுகிய ஈச்சம்பழமும் கலந்த நெடி, காலுக்குக் கீழே கல்லை உரசி ஓடும் தண்ணீரின் முணுமுணுப்பு, சுவரில் யாரோ இப்போதுதான் நனைந்த உள்ளங்கையை வைத்து எடுத்ததைப் போல மெல்ல வழிந்துகொண்டிருந்த ஈரத்தடம். அதைப் போனில் படம் பிடிக்கத் திரும்பியபோது கதவு சாத்திக்கொண்டது. இழுத்தாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். அப்போதும் அசையவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பின்னால் துணி பிழியும் சத்தம். சொட்டு. இன்னொரு சொட்டு. அவள் திரும்பவில்லை. கிண்டல், திமிர், எல்லாம் எங்கேயோ போயிருந்தது. யாராவது வந்து இந்தக் கதவைத் திறந்தால் போதும்.

வெளியே ஊன்றுகோல் தட்டியது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

மாமா! அந்தக் கிழக்குரல் இவ்வளவு இனிமையாக அவளுக்கு எந்நாளும் கேட்டதில்லை. வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்."

அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் குரல்தான். காதோரத்தில். ஈரமாக.

ஊன்றுகோல் சற்றுத் தயங்கியது.

"ஸுவைனாவா? சரிம்மா, நான் நிக்கல. பொம்பளைங்கள அனுப்புறேன்."

கத்தினாள். கதவை அறைந்தாள். ஊன்றுகோல் சத்தம் மரியாதையாகத் தள்ளிப் போனது.

கையில் போன் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. திரையில் "இருக்கேன்" என்ற இடத்தில் எகிறியிருந்த ஒலிக்கோடு, அதற்கப்புறம் நேராக ஓடியது. அவள் கத்திக்கொண்டேதான் இருந்தாள்.