தாரை வார்த்த தென்கரை

ஆவணி மாதத்து அந்தி. நீலியாற்றின் மேல் அரைநிலவு ஏறியிருந்தது. வடகரைக் கோட்டையின் மதில், போரில் கரிந்த இடங்களை மறைக்காமல் அந்த ஒளியில் நின்றது. ஆற்றில் நீர் ஓடியது. அதை நிறுத்தி வைக்க ஏரிதான் இல்லை.

ஏன் இல்லை என்பதை, வாசகர்களே, முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய அரசர் மறைந்ததும் அவர் மகள் பூதிநங்கைக்கு வடகரையும், அவர் தம்பிக்குத் தென்கரையும் துணை நின்றன. மூன்று ஆண்டுப் போர். கடைசியில் பேரேரியின் கரையை வெட்டச் சொன்னாள் பூதிநங்கை. கீழே பாசறை இறங்கியிருந்த தென்கரைப் படை வெள்ளத்தில் போயிற்று, அவள் சிற்றப்பாவும் போனார். இரு கரைக்கும் சோறு போட்ட ஏரி வெறும் சேறாயிற்று.

வெற்றி நாளில் அவள் இன்னொரு பிழையும் செய்தாள். தென்கரை வயல்களைத் தன் தளபதிகளுக்குத் தாரை வார்த்துக் கொடுத்தாள். அந்த நாட்டில், நீர் வார்த்துக் கொடுத்ததைக் கொடுத்தவர் அரியணையில் இருக்கும்வரை மீட்க முடியாது. அரியணை கைமாறினால் புதியவர் மறுபடி நீர் வார்க்க வேண்டும். இல்லையேல் தானம் செல்லாது.

இப்போது படித்துறை மண்டபத்தில் அரசியின் முன் இருவர் நின்றார்கள். ஒருவர் சேனாதிபதி ஏகவீரர். மற்றவர் தென்கரை ஊர்கள் அனுப்பிய தூதர். முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார். குரல் கரகரத்தது.

"ஏரிக்கரையை அடைக்க எங்கள் ஆட்கள் வருவார்கள், தேவி. நிலம் திரும்பினால்."

ஏகவீரர் சிரித்தார். "தோற்றவர் நிபந்தனை போடுவதை இன்றுதான் பார்க்கிறேன். முதலில் தென்கரையில் நான்கு காவற்கோட்டைகள். பிறகு ஏரி. மண் சுமக்கச் செய்யச் சவுக்கு போதும்."

"சவுக்குக்குச் சுமந்த மண் முதல் வெள்ளத்தில் கரையும், சேனாதிபதி. தன் வயலுக்கென்று மிதித்தால்தான் இறுகும்."

"நிலத்தைக் கொடுத்தால் மூன்றாம் வருஷம் அதே கையில் வாள் இருக்கும்."

"பசித்தால் இந்த வருஷமே இருக்கும்."

"என் பிள்ளைகள் இருவரும் உங்கள் தளபதி கண்டன் மழவனின் படையிடம் மாண்டார்கள். அதற்கு ஈடாக வந்த நிலம் அது!"

"போதும், ஏகவீரரே," என்றாள் அரசி. "சற்று வெளியே இருங்கள்."

அவர் போனதும் அவள் தூதரைப் பார்த்தாள்.

"துணியை எடுங்கள், கண்டரே. குரல் மாறலாம். பிறர் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்பது மாறவில்லை."

துணி விலகியது. வெள்ளத்தில் மாண்டதாக நாடே நம்பிய தென்கரைத் தளபதி கண்டன் மழவன். போருக்கு முன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன்.

"கரையை வெட்டச் சொன்னபோது, நீங்கள் பாசறையில் இருப்பது எனக்குத் தெரியும்."

"தெரிந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். உங்கள் இடத்தில் நானும் வெட்டியிருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீர்கள். திட்டுங்கள்."

அவன் திட்டவில்லை. அவள் ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் அரியணையை விட்டால் தானம் செல்லாது. இரு கரைச் சபைகளும் கூடி அரசரைத் தேர்ந்தெடுக்கட்டும். அதன்பின் நான் வெறும் பூதிநங்கை. அப்போது..."

"அப்போதும் முடியாது. மாப்பிள்ளையைக் கொடுத்து ஊரை வாங்கினார்கள் என்று வடகரை பேசும். ஊரை விற்றுப் பெண்ணை வாங்கினான் என்று தென்கரை பேசும். கரையில் ஒரு கூடை மண் விழாது."

 அவள் ஏகவீரரை உள்ளே அழைத்து, முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"சபைகள் கூடும்வரை இது உங்களிடம் இருக்கட்டும். என் ஆட்சி முடிந்தது, என் தானங்களும்."

"இதற்கா தேவி என் பிள்ளைகளைக் கொடுத்தேன்?"

 அப்போதுதான் அவர் தூதரின் முகத்தைக் கண்டார். வாள் உறையை விட்டு வந்தது.

"நிறுத்துங்கள்! இது என்..." ஆணை என்று சொல்ல வந்தவள் நின்றாள். அந்த உரிமை அவர் கையில் இருந்தது. "கேட்டுக்கொள்கிறேன், ஏகவீரரே."

கண்டன் ஓடவில்லை. "வெட்டுவதானால் வெட்டுங்கள். ஏரிக்கரைக்கு ஆட்கள் வர மாட்டார்கள். அவ்வளவுதான்."

ஏகவீரர் வாளைத் தாழ்த்தினார். "என் பிள்ளைகளின் பிள்ளைகள் கூழுக்கு அழுகிறார்கள்," என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு வாளை நெற்றியில் வைத்தார். "ஏரி நிறைந்து வழியும்வரை இவன் மேல் என் வாள் படாது. மாண்ட என் மக்கள் மேல் ஆணை. வழிந்த பிறகு அந்த ஆணை என்னைக் கட்டாது."

"நியாயம்," என்றான் கண்டன். வணங்கிவிட்டுப் படகேறினான். அவள் பக்கம் திரும்பவில்லை.

படகு நடு ஆற்றைத் தாண்டும்போது மேற்கே மின்னியது. மதில் மேல் காவலர்கள் ஆரவாரித்தார்கள். யாரோ ஒருவன் மழைத் தெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூவினான். ஆவணி பிறந்தது முதல் கோயில் கோயிலாக மழைக்கு வேண்டியவள் பூதிநங்கை. இப்போதும் கைகள் தாமாகக் குவிந்தன.

ஏரி நிறைய வேண்டுவதா, நிறையாதிருக்க வேண்டுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.