கீபோர்டுக்கு அடியில் ஒட்டிய சீட்டு

வயரைப் பிடுங்கிப் போட்ட பிறகும், தாசையனின் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ சர்வருக்குள் நுழையப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் ரெம்யா பின்னறையில் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பெயர்: தாசையன். பாஸ்வேர்டு தவறு. மறுபடி அதே வரி. இந்த மாதிரிப் பெட்டிகளை நம்பவே கூடாது. ஆனால் பெட்டிக்குப் பொய் சொல்லவும் தெரியாது. ஹர்த்தால் நாள், ஊரே கடையடைப்பு. விழிஞ்ஞம் ரோட்டில் ஒரு ஆட்டோ சத்தம்கூட இல்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே மழை, உள்ளே ஏசியின் முனகல், அதற்கும் அடியில் ஈரச்சாக்கும் கடற்பாசியும் கலந்த ஒரு வாடை.

கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் முடித்துக் கொடுக்கும் அந்த கிளியரிங் ஆபீசின் முதலாளி வன்னியராஜ் போனில் கத்தினார். "நாளைக்கு கப்பலு வருது. இன்னைக்குச் சரியாக்கல்லன்னா நீ இனி வரண்டாம், கேட்டியா?"

"சாரே, தாசையண்ணன் பேருல ஆரோ..."

"கடல்ல போனவன் வந்து கணக்கு நோக்குவானா? வேலையப் பாரு மக்களே!"

கடலில் போனவன்தான். இந்த ஆபீசில் கணக்கு எழுதியவன்; துறைமுகச் சுவரில் நின்றபோது அலை இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை. பெண்டாட்டி கரையில் நின்று கதறிக்கொண்டிருந்தபோதே, முதலாளி சொன்னாரென்று ரெம்யா அவன் பாஸ்வேர்டை மாற்றினாள். ஆள் இருக்கிறானா செத்தானா என்று தெரியும் முன்னே கதவடைத்த வேலை. புதுசைச் சீட்டில் எழுதி அவன் கீபோர்டுக்கு அடியில் ஒட்டினாள். அந்த ஆபீசில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

டக்.

முன்னறையில். ஒற்றை விரலால் தட்டும் சத்தம். தாசையன் அப்படித்தான் தட்டுவான். டக். டக். திரையில்: தவறு.

சத்தம் நின்றது. ஏதோ பிளாஸ்டிக் மேசையில் புரண்டது.

புது வரி வந்தது. தாசையன். அனுமதி.

ஷட்டருக்குப் போக அந்த மேசையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். எழுந்தாள். பின்னறை வாசற்படியில் நின்றாள். கீபோர்டு கவிழ்ந்து கிடந்தது. சீட்டைக் காணோம். நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாற்காலியில் யாரும் இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால்.

டக்.

திரும்பினாள். சர்வர் திரையில் புது வரி. பெயர்: ரெம்யா. தவறு. அவள் இப்போதுதான் கையெடுத்த கீபோர்டு முழுக்க மணலும் தண்ணீரும்.

டக். தவறு.

அந்தக் கீபோர்டுக்கு அடியிலும் ஒரு சீட்டு இருந்தது. அவள் பாஸ்வேர்டு எழுதியது.

கீபோர்டின் ஓரம் மெல்ல மேலே எழும்பியது.