தாளுக்கு அந்தப் பக்கம்

அந்த மதியம் அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: கட்டட மேஸ்திரி தாவூது, கட்டிலில் அவருடைய தம்பி முதசிர், கட்டில் ஓரத்தில் முதசிரின் மனைவி நஜ்மா, ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அன்பரசி, கீழே முற்றத்தில் கொத்தனார் சென்னப்பன். வேறு யாரும் இல்லை. நானும் பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்லித் திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. அதன் மேற்குப் பகுதி பழைய கட்டடம். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலையைத் தாவூது எடுத்திருந்தார். கிழக்கே, அதே மாடியில், ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் வார்டு. மருந்து ஏற்றி ஏற்றி, சாதாரணச் சளியைக்கூடத் தாங்கும் சக்தி இல்லாமல் போனவர்கள் அங்கே படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் முதசிர். அவன் கட்டில் வராந்தாவைப் பார்த்த வாசலோரம் கிடந்தது.

வார்டுக்கும் இடிக்கிற இடத்துக்கும் நடுவில், வராந்தாவை அடைத்து, தாவூது ஒரு மறைப்புப் போட்டிருந்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் கனத்த பிளாஸ்டிக் தாள். நாலு பக்கமும் டேப். உள்ளே போக ஒரு ஜிப். அந்தப் பக்கத்து ஜன்னலில் ஒரு பெரிய ஃபேன், உள்ளிருக்கும் தூசிக் காற்றை வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பில் தாள் எப்போதும் அந்தப் பக்கமாகவே குழிந்திருக்கும், வயிற்றை எக்கிப் பிடித்த ஆள் மாதிரி.

"அது அப்படியேதான் இருக்கணும்ங்க," என்று அன்பரசி முதல் நாளே சொன்னாள். "இந்தப் பக்கம் புடைச்சுதுன்னா தூசி இங்க வருதுன்னு அர்த்தம். பழைய சுவத்துல பூஞ்சை இருக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. இவங்களுக்கு நெஞ்சுல போய்க் குந்திக்கும். உங்க தம்பியை வேலை முடியிற வரைக்கும் சேலத்துக்கு மாத்திடலாமே?"

"நான் போட்ட மறைப்பை நானே நம்பலேன்னா ஊர்ல என்னம்மா பேசுவாங்க?" என்றார் தாவூது. "அவன் இங்கயே இருக்கட்டும்."

முதசிர் முகக்கவசத்துக்குள் சிரித்தான். "அண்ணன் கட்டுன சுவத்துல இதுவரைக்கும் ஒரு விரிசல் வந்ததில்லைங்க சிஸ்டர். நான்தான் இந்தக் குடும்பத்துல முதல் விரிசல்."

தாவூதின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் வாப்பா காலத்திலிருந்து வருவது. வேலை நடக்கிற இடத்தைத் தாண்டி ஒரு பிணம் போனால், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. கடப்பாறையைக் கீழே வைக்க வேண்டும். மிஷின்களை நிறுத்த வேண்டும். பிணம் கண்ணுக்கு மறையும் வரை எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். தருமபுரியில் அந்தக் குடும்பத்துக்கு இதற்காகவே ஒரு மரியாதை இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிணங்களுக்குப் பஞ்சமில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் பாதிப் பேர் இங்கேதான் வருவார்கள். பிணவறையிலிருந்து பின்கேட்டுக்குப் போகிற வழி, இடிக்கும் கட்டடத்தின் அடியிலேயே ஓடியது. ஸ்ட்ரெச்சர் வெளியே வருவதைப் பார்த்ததும் சென்னப்பன் குரல் கொடுத்துவிட்டு, முற்றத்திலிருந்த, வேலைப் பக்கத்துக்கான மெயின் சுவிட்சை இறக்குவான். எல்லாச் சத்தமும் அடங்கும்.

ஃபேனும் அடங்கும்.

அதை யாரும் ஒரு தவறாக நினைக்கவில்லை. பிணம் போகும்போது அது மட்டும் ஏன் இரைந்துகொண்டிருக்க வேண்டும்?

அந்த மதியம் தாவூது லுஹர் என்ற நடுப்பகல் தொழுகையை முடித்துவிட்டு, கை கழுவி, முகக்கவசம் கட்டி, தம்பியைப் பார்க்க வந்தார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜிப்பில் சின்னப் பூட்டு தொங்கியது. சாவி தாவூதின் சட்டைப் பையில். வராந்தாவில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. நஜ்மா ஆறவைத்த கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து சென்னப்பனின் குரல் வந்தது. "பாய், போறாங்க!"

ஃபேன் நின்றது.

பழக்கத்தில் தாவூது எழுந்து நின்றார். அன்றைக்குப் போனது ஒரு லாரி டிரைவர். தேடிக்கொண்டு வர ஆள் இல்லாத பிணம் என்று சென்னப்பன் பிற்பாடு சொன்னான்.

தாள் தளர்ந்தது. சற்று நேரம் சும்மா தொங்கியது. பிறகு மெதுவாக இந்தப் பக்கம் வந்தது.

காற்று என்றுதான் தாவூது முதலில் நினைத்தார்.

காற்றுக்குத் தோள் இருக்காது.

இரண்டு தோள்கள் முதலில் தெரிந்தன. பிறகு நெற்றி. ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்தி உள்ளே எட்டிப் பார்க்கிறவனைப் போல, நெற்றி தாளில் அழுந்தி நின்றது. மழையில் ஊறி மூலையில் கிடந்த சாக்கின் வாடை வராந்தாவில் பரவியது.

நஜ்மாவின் கரண்டி நின்றது.

வாய் இருக்க வேண்டிய இடத்தில் தாள் உள்ளே குழிந்தது. வெளியே வந்தது. மறுபடி குழிந்தது.

முதசிர் கிசுகிசுத்தான். "அண்ணா. உள்ள யாரை வெச்சுப் பூட்டுன?"

 தாவூது நின்றுகொண்டிருந்தார். அதுவும் நின்றுகொண்டிருந்தது. ஒரு மய்யித்து போகும்போது இரண்டு பேர் நிற்பது போல, எதிரெதிரே, அசையாமல்.

பின்கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. ஃபேன் ஓடத் தொடங்கியது. தாள் சடக்கென்று அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சடக்கைக் கேட்டுத்தான் அன்பரசி வார்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். "ஃபேன் நின்னுச்சா?"

"மய்யித்து போச்சும்மா. கொஞ்ச நேரந்தான்."

"அதுக்கு ஃபேனை எதுக்குங்க நிறுத்துனீங்க?"

"எப்பவும் நிறுத்துறதுதான்."

அன்பரசி அவரையே பார்த்தாள். "எப்பவுமா?" என்று கேட்டாள். பிறகு முதசிரின் கட்டிலைப் பார்த்தாள். 

தாவூது கீழே போய்ச் சென்னப்பனைக் கூட்டிக்கொண்டு, இடிக்கும் பக்கத்துப் படி வழியாக ஏறினார். தரையில் மாவு மாதிரி தூசி படிந்திருந்தது. அதில் ஒரு கால் தடமும் இல்லை. தாளின் உட்புறமும் தூசியால் மங்கியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் துடைத்தாற்போல் தெளிவாக இருந்தது. நெற்றி. இரண்டு தோள்.

சென்னப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். "பாய், கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. பொறந்ததுல இருந்து அந்த லாரி டிரைவருக்கு ஒருத்தனும் எந்திரிச்சு நின்னிருக்க மாட்டான். நாம நின்னோம். அதான் அதுவும் நின்னுட்டுதோ என்னமோ?"

"வாயை மூடிட்டு ஃபேனுக்குத் தனி லைன் இழு," என்றார் தாவூது.

சாயங்காலத்துக்குள் லைன் இழுத்தார்கள். டேப்பைப் பிய்த்துப் புதிதாக ஒட்டினார்கள். கட்டில்களை வார்டின் கோடிக்குத் தள்ளினார்கள். அன்பரசி ஈரத்துணியால் தரையையும் சுவரையும் தானே துடைத்தாள். அதற்குப் பிறகு அந்த ஃபேன் நிற்கவில்லை.

ஆனால் முதசிருக்கு இருமல் வந்தது. காய்ச்சல் வந்தது. மருந்துக்கு இறங்காத காய்ச்சல். நெஞ்சு ஸ்கேன் முடிவைப் பார்த்துவிட்டு வந்த அன்பரசி, தாவூதைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பூஞ்சைங்க."

"சரி," என்றார் தாவூது.

 அவருக்கு அழுகை வரவில்லை. கையில் சிமெண்ட் காய்ந்து இறுகினால் தோலில் ஒரு மரத்த தன்மை வருமே, அது உடம்பு முழுக்க வந்திருந்தது. கம்பைநல்லூரிலிருந்து வெண்மதி என்று ஒரு கல்லூரிப் பெண் அன்றைக்கு வார்டில் சேர்ந்தாள். அவளுடைய அம்மா, தாளைக் காட்டி, "அந்தப் பக்கம் என்னங்க?" என்று கேட்டபோது, "வேலை நடக்குதும்மா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முதசிர் ஒரு பகல் வேளையில் போனான். கடைசியாக அவன் கேட்டது தண்ணீர். நஜ்மா கொடுத்தாள்.

பின்கேட்டில் ஜமாத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். வேலை முழுவதும் நின்றது. கடப்பாறைகள் தரையில் கிடந்தன. அந்த அமைதியில் மேலே ஃபேன் மட்டும் இரைந்தது. கீழே நின்றவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள்.

தாவூது மாடி வராந்தாவில், தாளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சென்னப்பன் மூச்சிரைக்க அங்கே ஓடி வந்தான். "பாய், தூக்கப் போறாங்க. வாங்க, தோள் குடுக்க வேணாமா? அதுக்கு முன்ன அந்த ஃபேனை..."

"வேண்டாம்."

"நம்ம முதசிருங்க பாய். ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் நிறுத்துனோம். ஊர் காறித் துப்பும்."

"உள்ள அந்தக் கம்பைநல்லூர்ப் பொண்ணு படுத்திருக்கு."

"சரி, நீங்களாவது கீழ வாங்க."

"நான் இறங்கினா யாராவது மரியாதைன்னு சொல்லி நிறுத்திடுவாங்க. நீ போ. எனக்குப் பதிலா நீ தோள் குடு."

சென்னப்பன் அழுதுகொண்டே இறங்கினான். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் முற்றத்துக் கற்களில் கடகடக்கும் சத்தம் கேட்டது. தாவூது நாற்காலியிலிருந்து எழுந்தார்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. தாள் முழுவதும் அந்தப் பக்கமாகக் குழிந்திருந்தது.

ஓர் இடத்தைத் தவிர.

அங்கே அது இந்தப் பக்கம் வந்திருந்தது. நெற்றி. இரண்டு தோள்.

தம்பியின் மய்யித்துக்குத் தாவூது எழுந்து நிற்கவில்லை, குடும்ப வழக்கத்தைக் கூலிக்கு விற்றுவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். தாவூது நின்றார். வண்டி பின்கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும் வரைக்கும், கையைக் கட்டிக்கொண்டு, தாளுக்கு எதிரே நின்றார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

அது உட்காரவில்லை.