அம்மன்குளத் தெருவுக்குப் பச்சை

பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. தெருமுனையில் இடர்ப்பலகை சிவப்பாக எரிவதைப் பார்த்தார்கள், காரை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே பஜ்ஜியும் சொஜ்ஜியும் ஆறிக் கிடந்தன.

"எல்லாம் உங்க மிஷினால வந்த வினை அண்ணி!" என்று மரகதம் வெடித்தாள். "என் பொண்ணு யாழினிக்கு வர்ற வரன் எல்லாம் இப்படித்தான் தட்டிப்போகுது."

அண்ணி செண்பகவல்லி மாவடியேரி நகராட்சியின் இடர்த் திட்ட அலுவலர். இடர்க்கணி என்ற இயந்திரம் மழை, ஏரி மட்டம், நிலத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்து ஒவ்வொரு தெருமுனைப் பலகையிலும் நிறம் காட்டும். ஆபத்தென்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. ஏரி மதகுகளையும் மீட்புப் படகுகளையும் அதுவே இயக்கும். எல்லா ஊரிலும் இப்போது இதுதான் நடைமுறை. உயிரைக் காப்பாற்ற வந்த நிறத்தைச் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செவ்வாய் தோஷம் மாதிரி ஆக்கிவிட்டார்கள்! ஜாதகத்துக்கு முன்னால் தெருவின் நிறத்தைக் கேட்டார்கள்.

"பள்ளத்துல வீட்டைக் கட்டிட்டு மிஷின் மேல பழி போடுறியே மரகதம்! வடிகால் வாய்க்காலைத் தூர்வாரினா பலகை தானா பச்சையாகும். அதுக்குக் கூப்பிட்டப்ப ஒருத்தராவது வந்தீங்களா?"

யார் காதில் ஏறும்? தோஷமென்றால் பரிகாரம் இருந்தாக வேண்டும். அதே தெருவில் குடியிருக்கும் நகர்மன்றத் தலைவர் ஏகாம்பரம் அதைக் கண்டுபிடித்தார். இடர்க்கணி மன்றத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டது. அம்மன்குளத் தெரு ஏரிக்கரை அளவுக்கு மேடு என்று தீர்மானம் போட்டார்கள்.

"குளத்தைத் தூர்த்து வீடு கட்டின இடம் மேடாய்யா?" என்று செண்பகவல்லி மன்றத்திலேயே சண்டைக்குப் போனாள்.

"ஒரு நல்ல காரியம் நடக்கட்டும்மா. பேப்பர்லதானே மேடு?"

ஆகா, என்ன நியாயம்! அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே கருவியில் கட்டைவிரலை வைத்தார். பலகை பச்சையானது. சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, பட்டாசும் வெடித்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் செங்கல்சூளைக் குடியிருப்பு மட்டும் சிவப்பாகவே இருந்தது. அவர்களுக்காகத் தீர்மானம் போட யார் இருக்கிறார்கள்?

திரும்பிப் போன கார் மறுபடி வந்தது. நிச்சயதார்த்தத்தன்று விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. மாப்பிள்ளையின் தந்தை வேதாசலம் கீழேரியூரிலிருந்து உறவினர்களோடு வந்து இறங்கினார்.

செண்பகவல்லி அலுவலகத்தை விட்டு நகரவில்லை. நண்பகலில் இடர்க்கணி நிதானமாகச் சொன்னது: "ஏரி நிரம்பிவிட்டது. ஆபத்தில்லாத பக்கம் நீரைத் திருப்புகிறேன். அம்மன்குளத் தெரு மதகு திறக்கப்படுகிறது."

செண்பகவல்லி பதறி எழுந்தாள். "ஐயோ, அது பள்ளம்! நிறுத்து!"

"தங்கள் தகவல் மன்றத் தீர்மானத்துக்கு முரணானது. மாற்றுவதற்குத் தலைவரின் கைரேகை தேவை."

நிச்சயதார்த்த வீட்டில் இருந்த ஏகாம்பரத்தைப் போனில் பிடித்தாள். "தலைவரே, உடனே ஆபீசுக்கு வந்து ரேகை வைங்க. தண்ணி நம்ம தெருவுக்குத்தான் வருது!"

"தட்டு மாத்துற நேரத்துல பலகையைச் சிவப்பாக்கச் சொல்றியா? உனக்குப் பொறாமைம்மா." போனை வைத்துவிட்டார்.

பொறாமையாம்! அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். சேறு படிந்த செருப்போடு மரகதம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்து கத்தினாள். "எல்லாரும் மாடிக்கு ஏறுங்க! தட்டெல்லாம் கெடக்கட்டும்!"

"அபசகுனமா என்ன பேச்சு அண்ணி..." மரகதம் முடிப்பதற்குள் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. செண்பகவல்லி யாழினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். மற்றவர்கள் முட்டி மோதிக்கொண்டு பின்னால் வந்தார்கள். சற்று நேரத்தில் கீழே ஜன்னல்கள் மூழ்கின.

ஏகாம்பரம் நனைந்த வேட்டியோடு மாடியிலிருந்து போனில் இடர்க்கணியிடம் படகு கேட்டார். "உங்கள் தெரு மேடு. படகு தேவையில்லை," என்றது இடர்க்கணி.

"அட மடையா, மூழ்கிட்டிருக்கோம்!"

"உங்க கட்டைவிரல் சொன்னதைத்தானே அது சொல்லுது?" என்றாள் செண்பகவல்லி.

படகுகள் வந்தன, ஆனால் இடர்க்கணி அனுப்பவில்லை. சூளைக் குடியிருப்பு ஆட்கள் துடுப்புப் போட்டு ஓட்டி வந்தார்கள். "எங்க பக்கம் சொட்டுத் தண்ணி வரலம்மா. ஆனா படகெல்லாம் அங்கதான் நின்னுச்சு," என்றார் முன்படகில் இருந்த முனியம்மாள். தெருமுனையில் பலகை பாதி நீரில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வேதாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணி அடுத்து எங்க போகும்மா?"

"உங்க ஊர் ஏரிக்குத்தான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க தெருவும் பள்ளம்தாம்மா. பையனுக்குப் பொண்ணு கிடைக்கணுமேன்னு போன மாசம்தான் தீர்மானம் போட்டுப் பச்சையாக்கினோம். பெரிய மருமக கைக்குழந்தையோட வீட்டுல இருக்கா."

போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினார். செண்பகவல்லி போனைப் பிடுங்கி, "குழந்தையைத் தூக்கிட்டு உடனே வெளியே ஓடும்மா!" என்று அலறினாள்.

மறுமுனையில் மருமகள் மெல்லச் சிரித்தாள். "எதுக்குங்க? இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன், எங்க பலகை பச்சையாத்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, குழந்தை தூங்குறான்."