சுரண்டிய பெயர்

1666 வசந்தம். லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் சந்துக்குள் கிதியோன் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி. இறந்துபோன நண்பனின் வீட்டுக் கதவில் கொள்ளைநோய்க்காகப் போட்ட சிவப்புச் சிலுவை பாதி அழிந்திருந்தது. தள்ளித் திறந்து மாடி ஏறினான். வினிகர் நெடியும் பூசண வாடையும் மூச்சை அடைத்தன.

நாளைக் காலையில், தன் கையால் செய்த பாக்கெட் கடிகாரம் ஒன்றைக் கடிகாரக்காரர் சங்கத்தில் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பிரான்சிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டன்ட் அகதிக்கு இங்கே தொழில் கிடையாது. நோயில் பிழைத்த அவன் விரல்களோ ஊசியைப் பிடித்தாலே நடுங்கின.

"எட்டு மாச வயித்தோட எங்கே போவேன்? ஊருக்குத் திரும்பினா நம்ம மதத்துக்காரங்களுக்கு ஜெயில்தானே?" காலையில் மனைவி சூசான் அழுதது இன்னும் காதில் நின்றது.

பிரான்சிலிருந்து அவர்களோடு ஒரே படகில் வந்த நண்பன் ஏசாயா மர்சான், சங்கத்துக்காகச் செய்து முடித்த கடிகாரத்தைக் காட்டாமலே இந்த அறையில் செத்துப்போனான்.

மேசைமேல் அது இருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒரு நாள்கூட முழுசாக ஓடாத கடிகாரம். வீடு ஆளில்லாமல் கிடந்ததோ ஆறு மாதம்.

அப்போதே அவன் வெளியே ஓடியிருக்க வேண்டும். கிதியோன் உட்கார்ந்தான். பின்தகட்டில் பொறித்திருந்த ஏசாயாவின் பெயரை அரத்தால் சுரண்டினான். ஒவ்வோர் எழுத்து போகும்போதும் காலிக் கட்டிலிலிருந்து ஒரு முனகல்.

"என் பேரு... கிதியோன்... என் பேரு..."

"மன்னிச்சுக்கடா! செத்தவனுக்கு எதுக்குடா பேரு? எனக்கு வேணும்டா!"

முனகல் நின்றது.

தன் பெயரைப் பொறித்தான். விரல்கள் ஒருமுறைகூட நடுங்கவில்லை.

மறுநாள் சங்கத்துப் பெரியவர் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தார். "பிரெஞ்சுக்காரா, உன்கிட்ட பூண்டு நாத்தம் அடிச்சாலும் வேலை சுத்தம்யா. இங்க கையெழுத்தைப் போடு."

கிதியோன் பேனாவைத் தொட்டான். கை தானாக எழுதியது: ஏசாயா மர்சான்.

அடித்துவிட்டு எழுதினான்.

ஏசாயா மர்சான்.

"சொந்தப் பேரை எழுத எதுக்குய்யா இத்தனை அடித்தல்?" பெரியவர் சிரித்தார். "கடிகாரத்திலயும் அதுதானே இருக்கு? போய்ட்டு வா, மர்சான்."

வாசலுக்கு ஓடினான். சூசான் காத்திருந்தாள்.

"சேர்த்துக்கிட்டாங்களா, ஏசாயா?"

"சூசான்! நல்லாப் பாரு! நான் கிதியோன்!"

அவள் கண்கள் நிறைந்தன.

"இன்னும் அவரையே நினைச்சுட்டிருக்கீங்க. பாவம், போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு." அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "அதான் பையன் பிறந்தா கிதியோன்னே வைக்கலாம்னு சொல்லிட்டீங்களே."