காணாமல் போன சங்கக் கொடி

ஆகஸ்ட் 2, சனி.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை செய்துவிட்டேன். "கொடியைத் தவிர வேறெதுவும் காணாமல் போகவில்லை" என்று எழுதியிருந்தேன். சரிபார்க்காமல் எழுதியது. அதனால் ஒருவர் இரவு முழுக்கத் திருடன் என்ற பெயரோடு படுத்திருந்தார். முதலிலிருந்து எழுதுகிறேன்.

வெள்ளி, காலை 7.10. செக் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் திருவிழாவுக்கு முந்தைய நாள். அவர்களுடைய சங்கக் கூடத்தின் கண்ணாடி அலமாரியில் கொடி இல்லை. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் அமெரிக்காவில் இந்த நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்த மூன்றாம் வருஷம் தைத்த பட்டுக்கொடி. பூட்டு உடையவில்லை. இருக்கும் ஒரே சாவி சங்கக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லம்பேர்ட் கோட்ர்பாவின் கழுத்தில். இருபத்தாறு வருஷமாக ஊர்வலத்தில் கொடி தூக்குபவரும் அவரே.

சங்கத் தலைவர் எட்வின் ருஜிச்கா கத்தினார். "நாளைக்குப் பத்து மணி ஊர்வலத்துக்குள்ள கொடி வரணும். இல்லேன்னா சாவியக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு. இனிமே கொடியத் தொடாதே."

லம்பேர்ட் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஷெரிப்பின் காவல் அலுவலகத்தில் சேர்ந்து எனக்கு எட்டு மாதம். கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

"ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"சாவிய யாருக்காவது குடுத்தீங்களா?"

"குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன் மார்லீன்."

8.15. கூடத்தின் சமையலறை. திருவிழாவுக்கான கொலாச்சே என்ற பழம் வைத்த ரொட்டிகளுக்கு மாவு பிசைபவர் அல்பீனா வோடிச்கா. கணவர் ரூடியைப் புதன்கிழமைதான் அடக்கம் செய்தார். சங்கக் குறிப்பேட்டைச் செக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியபோது சண்டையிட்டு விலகியவர் ரூடி. அடக்கத்துக்குச் சங்கம் போகவில்லை. விடிகாலை மழையில் அல்பீனா தாமதமாக வந்திருந்தார். ராத்திரி பிசைந்து வைத்த மாவு பொங்கி வழிந்திருந்தது.

"முப்பது வருஷத்துல முதல் தடவையா மாவு உன்ன ஜெயிச்சிருச்சுடி அல்பீனா!" என்றாள் பக்கத்தில் பழம் நிரப்பியவள்.

"நீ உன் ரொட்டிய ஒழுங்கா மூடு. அப்புறம் என் மாவப் பேசலாம்."

இன்று, காலை 6.30. மறுபடி அலமாரி. கதவில் மூன்று கீல்கள். நடுக்கீலின் ஆணி மட்டும் தலைகீழாகச் செருகியிருந்தது. ஆணிகளை உருவினால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றலாம். சாவி வைத்திருப்பவருக்கு அந்த வேலை எதற்கு?

பிறகு கீழ் இழுப்பறை. வெள்ளைக் கையுறை, கம்பத்தின் பித்தளை முனை, தோள்வார். நேற்று எழுதியது இவ்வளவுதான். இழுப்பறைக்குள் ஒட்டியிருந்த பழைய செக் மொழிப் பொருள்பட்டியலை நேற்று தாண்டிவிட்டேன். இங்கே யாரும் அதைப் படிப்பதில்லை. மாலை வகுப்பில் கற்றதை வைத்து எழுத்துக்கூட்டினேன். நான்காவது பொருள்: கறுப்பு நாடா. அது இழுப்பறையில் இல்லை.

உறுப்பினரின் அடக்கத்தில் அதைக் கொடியில் கட்டி, குழியின் மேல் மூன்று முறை தாழ்த்துவார்கள். பழம்பொருள் திருடுபவனுக்கு அது எதற்கு? இந்தக் கோடையில் ஊரில் ஒரே ஒரு அடக்கம்தான்.

8.00. அல்பீனாவின் வீடு. கட்டிலில் இரண்டு விரிப்புகளுக்கு நடுவே கொடி.

"நனைஞ்சிருச்சு. தொங்கவிட்டா பட்டு கிழிஞ்சிடும்," என்றார். "துடைப்பக்கட்டையில கட்டி ரூடி குழி மேல மூணு தடவை தாழ்த்தினேன். விடியறதுக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னு பார்த்தேன், மழை புடிச்சுக்கிச்சு."

"லம்பேர்ட் மேல பழி விழுந்துச்சே."

"அதான் ராத்திரி பூரா தூங்கல. எழுதிக்கோ, நான்தான்."

9.30. கூடத்தில் எல்லார் முன்னும் சொன்னேன்: ஆணி, நாடா, பொங்கிய மாவு. அல்பீனா என் பக்கத்தில் நின்றார். லம்பேர்ட் கொடியை வாங்கினார். கறுப்பு நாடாவையும் கேட்டு வாங்கிக் கம்பத்தில் கட்டினார்.

"இது திருவிழாய்யா, சாவு இல்ல," என்றார் எட்வின்.

"ரூடி சங்கத்த விட்டான். ஊர விடலயே," என்றார் லம்பேர்ட்.

10.00. கொடி நாடாவோடு போனது. எட்வின் இரண்டடி தள்ளி நடந்தார். அல்பீனா மேல் நான் புகார் பதியவில்லை. அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாளை: முதலில் கீல் ஆணியை நேராகப் போட வேண்டும். காலை ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டம், ரூடியின் குழியருகே. லம்பேர்ட் கம்பத்தோடு கொடியைக் கொண்டுவருகிறார். அல்பீனாவை நான் அழைத்துவர வேண்டும்.